நான் சொன்ன ‘நொன்’

பாரிஸ் லா சப்பலில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைக்கு அந்த இத்தாலியக் கணித ஆசிரியர் வரத் தொடங்கியபோது அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. தெற்கு இத்தாலியில் பிறந்து, இளவயதிலேயே பாரிசுக்கு வந்து, லீசே என்ற உயர்பள்ளி ஒன்றில் தலை நரைக்கும்வரை கணிதம் படிப்பித்தவர். மத்தியானம் ஒரு தோசை, பால் விடாத ஒரு பிளேன்ரீ. பிறகு மேசையில் விரித்திருக்கும் கடதாசியில் இலக்கங்களாகக் கிறுக்குவார். “அண்ணை, உங்கட இத்தாலி மாஸ்டர் வந்திட்டார்” என்று என்னைவிட இளையவனான முதலாளி குரல் கொடுப்பான்.

என்னைக் கூப்பிடக் காரணம் இருந்தது. ஊரில் நானும் கணித வாத்தி. ரியூசன் கொட்டிலில் சின்ன வகுப்பிலிருந்து பெரிய வகுப்புவரை தொண்டை கிழியக் கத்தியவன். இங்கே வந்து பதினெட்டு வருடம் கோப்பை கழுவி, தட்டுத் தூக்கியதில் அது யாருக்கும் ஞாபகமில்லை. என் மகளுக்கு அது வெறும் கதை. பாரிசின் புறநகரான எபினேயில் பிறந்து வளர்ந்தவள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்பவள்.

அவள் சனிக்கிழமைகளில் கணிதம் படிக்கப் போனதும் அதே இத்தாலியரிடம்தான். ஒரு மண்டபத்தில் வெளிநாட்டவரின் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சும்மா படிப்பித்தார். நல்ல வாத்தி, பொய் சொல்லக் கூடாது. கணக்கு ஓடாத பிள்ளையை ஒருநாளும் மக்கு என்றதில்லை. “நீ எந்த மொழியில் எண்ணுகிறாய்?” என்றுதான் முதலில் கேட்பார். அதைப் பற்றியே ஒரு புத்தகமும் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பிரெஞ்சுக்காரரைத் திட்டித் தீர்த்தார். தொண்ணூறை ‘நாலு இருபது, பத்து’ என்று சொல்கிறார்களே, பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தொண்ணூறு இதைவிடப் பகிடி என்று சொல்லி, மேசைக் கடதாசியிலேயே எழுதிக் காட்டினேன். இருபது, முப்பது என்று எண்பதுவரை வாலில் பத்து நிற்கிறது. தொண்ணூறில் மட்டும் நூறு வந்து குந்திவிடுகிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம். ஒன்பதுக்குள்ளேயே பத்து. ஒன்பதுக்கு எப்போதும் அடுத்த வீட்டில்தான் கண் என்றேன். இதனால் சின்னப் பிள்ளைகள் இலக்கம் எழுதும்போது எங்கே இடறுவார்கள், நான் அதை எப்படித் திருத்தினேன் என்பதையும் சொன்னேன். மனிசன் தோசையை மறந்துபோனார்.

அன்றிலிருந்து என்னைச் ‘சக ஆசிரியரே’ என்றுதான் கூப்பிட்டார். அந்த மாரி முழுக்க என் இடைவேளை அவருக்கே போனது. அவர் கேட்க நான் சொல்ல, ஒரு அத்தியாயம் வளர்ந்தது. “உங்கள் பெயர் இந்தப் புத்தகத்தில் வரும்” என்று அவராகத்தான் சொன்னார். நான் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய், “அப்பான்ர பேர் புத்தகத்தில வரப்போகுது” என்றேன் மகளிடம்.

“சமையல் புத்தகமா?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

“பொறு, புத்தகம் வரேக்க பாப்பாய்” என்றேன். அவள் ஒருநாள் அந்தப் பக்கத்தைத் திறந்து தன் அப்பன் யார் என்று அறிய வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

புத்தகம் அச்சுக்குப் போகுமுன் ஒரு மத்தியானம். கடையில் கால் வைக்க இடமில்லை. என் இரண்டு கையிலும் கொத்துரொட்டித் தட்டுகள். அவர் வாசலில் நின்றபடி அவசரமாகக் கேட்டார்: “உங்கள் பெயரைப் போடுவதை நீங்கள் விரும்பவில்லையா?”

“நொன், நொன்!” என்றேன், முகமெல்லாம் சிரிப்பாக. தமிழன் வேறென்ன சொல்லுவான்? விருப்பமில்லையோ என்று கேட்டால், இல்லை இல்லை, விருப்பம்தான். பிரெஞ்சில் அந்த இடத்தில் ‘சி’ என்று சொல்ல வேண்டும். ‘நொன்’ என்றால் வேண்டாம் என்றாகிவிடும். அது எனக்குத் தெரியும். ஆனால் அவசரத்தில் வாய் தமிழில்தான் யோசிக்கிறது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

புத்தகம் வந்தது. இரண்டு கையாலும் வாங்கி, குசினி அடுப்படிக்குள் போய்ப் புரட்டினேன். என் அத்தியாயம் அப்படியே இருந்தது, நான் சொன்ன உதாரணங்களோடு. பெயர் மட்டும் இல்லை. லா சப்பல் உணவகம் ஒன்றில் தட்டு வைப்பவர் தற்செயலாகச் சொன்ன ஒரு சொல் தன்னை யோசிக்க வைத்தது என்று ஒரேயொரு வரி. தற்செயலாம்! ஒரு மாரி முழுக்கத் தற்செயலாம்! ஆனாலும் முதலில் என்னைத்தான் நொந்துகொண்டேன். தவளை தன் வாயால் கெட்டது, வேறென்ன.

பிறகு இன்னும் நாலு பக்கம் புரட்டினேன். அங்கே ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தமிழ்ப் பிள்ளையிடம் ‘உனக்கு விளங்கவில்லையா?’ என்று கேட்டு அது சிரித்தபடி ‘நொன், நொன்’ என்று சொன்னால், ‘இல்லை இல்லை, விளங்கிவிட்டது’ என்றுதான் பொருள். ஏமாந்துவிடாதீர்கள் என்று எழுதியிருந்தார். அதையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். மனிசனுக்குத் தெரிந்திருக்கிறது. வடிவாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்த நாள் அவர் முன்னால் தோசைக்குப் பதிலாக அந்தப் பக்கத்தை விரித்து வைத்தேன். வாசித்தார். காது சிவந்தது.

“அப்போது நீங்கள் சொன்னதன் பொருள் எனக்கு நிச்சயமாக இருக்கவில்லை” என்றார்.

“நிச்சயமில்லாததை எழுதாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்களே, என்னிடம் இன்னொரு முறை கேட்க வாய் வலித்ததா?”

புத்தகத்தை மூடினார். பிறகு, உணவகத்து ஆளின் பெயரைப் போட்டால் படித்தவர்கள் புத்தகத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள் என்றார். என்னைச் ‘சக ஆசிரியரே’ என்று கூப்பிட்ட அதே வாய்! மன்னிப்பு என்ற சொல் அதிலிருந்து வரவேயில்லை. “அண்ணை, விடுங்கோ, சனம் பாக்குது” என்று முதலாளி என் தோளைப் பிடித்து இழுத்தான். தோசையை அவனே கொண்டுபோய் வைத்தான்.

புத்தகத்தை மகளுக்குக் காட்டவில்லை. பெயரில்லாத பக்கத்தைக் காட்டி இது நான்தான் என்றால் எப்படி நம்புவாள்? வகுப்பை நிறுத்தவும் மனம் வரவில்லை. அவளுக்குப் பரீட்சை வருகிறது. அந்தத் துரோகியைவிட நல்ல வாத்தியை நான் எங்கே போய்த் தேட?

அந்தச் சனிக்கிழமை அவள் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து, “அப்பா, இஞ்சை வாங்கோ” என்றாள். தமிழில்! நான் திகைத்துப்போனேன். என்னைப் பிடித்து மேசையில் இருத்தி, கொப்பியைத் திறந்தாள்.

“தொண்ணூறுக்குள்ள நூறு இருக்கு, தெரியுமோ? எங்கட கணக்கு மிஸ்யூ கண்டுபிடிச்சவர். ஒன்பதுக்கு எப்பவும் அடுத்த வீட்டிலதான் கண்ணாம்!” என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அது நான் சொன்னது என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து, அப்பாவுக்குப் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பேனையை எடுத்து, மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல, ஒன்பதிலிருந்து திரும்பவும் தொடங்கினாள்.