முட்டியில் கட்டிய நீரும் டாக்டரிடம் மறைத்த வேலையும்

புரட்டாசி நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை. நாற்றங்காலில் முட்டி போட்டு நாற்றுப் பறித்துவிட்டு எழுந்தபோது வலது முழங்காலின் முன்புறம் எலுமிச்சம்பழம் அளவு வீங்கியிருந்தது. வலி அதிகமில்லை. அழுத்தினால் உள்ளே நீர் தளும்பியது.

எட்டாம் தேதி தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் போனேன். வாசலில் எங்கள் நிலத்துக்காரருடைய கார் நின்றது. அவர் தாயாருக்கும் அங்கேதான் வைத்தியமாம்.

அப்போது குத்தகைப் பதிவு நடந்துகொண்டிருந்தது. உடம்பால் உழைத்துச் சாகுபடி செய்பவர் பெயர்தான் பதிவாகும். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் என் தகப்பனார் காலத்திலிருந்து நாங்கள் உழுத இரண்டு ஏக்கருக்கு எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. 'இவரால் வயல் வேலை முடியாது' என்று ஒரு டாக்டர் சீட்டு நிலத்துக்காரர் கைக்குப் போனால் போதும், எல்லாம் முடிந்தது.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்றார் டாக்டர்.

"ஜவுளிக் கடையிலங்க. உக்காந்து பாக்குற வேலை."

"அடி எதுவும் பட்டுச்சா?"

"இல்லீங்க."

அவர் நெற்றியைச் சுருக்கினார். கீல்வாதமாக (மூட்டில் உப்பு படிந்து வரும் வீக்கம்) இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார். என்னிடம் அதிகம் கேட்காததும் சந்தேகமாகவே இருந்தது.

மறுநாளும் முட்டி போட்டேன். நிலத்துக்காரருடைய பண்ணை ஏஜெண்டு தினமும் வரப்பில் வந்து நின்றான். "குனிஞ்சு பறிங்களேன்" என்றாள் என் மனைவி பாக்கியம். நொண்டுவதை அவன் பார்த்துவிடுவானே என்று நான் எழுந்திருக்கவே இல்லை.

பதினான்காம் தேதி முழங்கால் சிவந்து கொதித்தது. காய்ச்சல். பாக்கியம் பஸ்ஸில் ஏற்றித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனாள். நாடி பார்க்கக் கையைப் பிடித்த டாக்டர் விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"ஜவுளிக் கடையில சேறா விக்கிறீங்க? நகக்கண்ணெல்லாம் அதான் இருக்கு."

"நாத்துப் பறிக்கிறாருங்க. நாள் பூரா முட்டி போட்டே பறிப்பாரு" என்றாள் பாக்கியம். அவள் கையைக் கிள்ளினேன். பயனில்லை.

"முதல்லயே சொல்லியிருந்தா முட்டி போடாதீங்கன்னு சொல்லி அனுப்பியிருப்பேன். இப்ப சீழ் வச்சிருக்கு."

அது பர்சைட்டிஸ் (எலும்புக்கும் தோலுக்கும் நடுவே உராய்வைத் தாங்கும் சிறு நீர்ப்பையின் அழற்சி). ஊசியால் கலங்கல் நீரை எடுத்தார். பென்சிலின் போட்டார். பத்து நாள் மடக்கக் கூடாதென்று காலில் மரச்சட்டம் வைத்துக் கட்டினார்.

"இதை யாருக்கும் எழுதிக் குடுத்துடாதீங்க" என்றேன்.

"யாருக்கு எழுதணும்?" என்றார். வெளியே வந்து சீட்டை மூன்று முறை படித்தேன். மருந்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

பத்தொன்பதாம் தேதி பதிவு அதிகாரி வயலுக்கே வந்தார். சட்டம் கட்டிய காலோடு வரப்பில் நின்றேன்.

"கட்டையக் கட்டிக்கிட்டு நிக்கிறவரா சாகுபடி பண்றாரு? கூலி ஆள வச்சுத்தாங்க பாக்குறாரு" என்றான் ஏஜெண்டு.

நட்டுக்கொண்டிருந்த பாக்கியம் சேற்றில் நிமிர்ந்தாள். "அந்த ஆளு நான்தாங்க. பறிச்சது அவரு, நடுறது நானு. ஏஜெண்டய்யா, நீங்க வேணா எறங்கி நாலு நாத்து நட்டுக் காட்டுங்க, வேட்டி அழுக்காவாம."

பக்கத்து வயல் பெண்கள் சிரித்தார்கள். "குடும்பத்து உழைப்பும் கணக்குத்தான்" என்று சொல்லி அதிகாரி என் பெயரை எழுதினார். சர்வே எண்ணை நான் இருமுறை சரிபார்த்தேன்.

வீக்கம் முழுதும் வற்றக் கார்த்திகை ஆனது. இதே வீக்கத்தோடு இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்வேன்: என்ன வேலை என்று டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பொய்யால் எனக்கு ஆறு நாளும் ஒரு காய்ச்சலும் போயின.

முன்பெல்லாம் விதைத்து எத்தனை நாள் என்பதே என் காலக்கணக்கு. இப்போது குனிந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் உடம்பு எண்ணுகிறது. குத்தகை இப்போது எழுத்திலும் எங்களுடையதுதான். ஆனாலும் வரப்பில் யாராவது வந்து நின்றால், முழங்கால் என்னைக் கேட்காமலே சேற்றுக்கு இறங்கப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்தி, நிமிர்ந்து நின்று, வந்தவர் முகத்தைப் பார்க்கிறேன்.