ருசி பார்த்த சாத்தமுது

மயிலாப்பூரில் அந்த வீட்டில் பாஞ்சாலி பதினொரு வருடமாகப் பாத்திரம் தேய்த்தாள். கொல்லை வழியாக வருவாள், தொட்டியடியில் உட்காருவாள், தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்த வழியே போவாள். சமையலறைக்குள் கால் வைத்ததில்லை. வைக்காதே என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை.

ஜானு மாமி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டதும் அது மாறியது. எட்டு வாரம் மாவுக்கட்டு. சமையலுக்கு அமர்த்திய இரண்டு மாமிகளில் ஒருத்தி மூன்றாம் நாளே நின்றுவிட்டாள். இன்னொருத்தி வரவே இல்லை. ஹோட்டல் சாப்பாடு அங்கே செல்லாது. ஜானுவின் கணவர் பத்ரிநாராயணனுக்கு எழுபத்தாறு வயது. வீட்டில் ஆன தளிகையைப் பெருமாளுக்குக் காட்டிவிட்டுத்தான் ஒரு பருக்கை வாயில் வைப்பார். தளிகை என்றால் சமையல்தான். ஆனால் கண்டவர்கள் கைபட்டுச் செய்தால் அது அவருக்குத் தளிகை ஆகாது.

"உள்ள வாடி பாஞ்சாலி," என்றாள் மாமி ஒரு காலையில். "காலை அலம்பிண்டு வா. மாமா கூடத்துல பாராயணம் பண்ணிண்டிருக்கார். பத்தரை வரைக்கும் எழுந்துக்க மாட்டார்."

"இன்னா மாமி, நானா?"

"நீதான். நான் சொல்லச் சொல்லப் பண்ணு. அவர் கேட்டா, நீ காய் நறுக்கித் தரே, இடது கையால நானே பண்றேன்னு சொல்லிக்கறேன்."

வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை. ரசத்துக்கு அங்கே சாத்தமுது என்று பெயர். இதெல்லாம் பாஞ்சாலிக்கு இரண்டே நாளில் பிடிபட்டது. ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது.

"ருசி மட்டும் பார்த்துடாதே," என்றாள் மாமி. "பெருமாளுக்குக் காட்டறதுக்கு முன்னாடி நாக்குல பட்டா எச்சில்."

"அப்ப உப்பு கரீட்டா கீதான்னு எப்டித் தெரியும்?"

"கைக்குத் தெரியும். நாப்பத்தெட்டு வருஷமா எனக்குத் தெரியலையா?"

கோட்டூர்புரம் ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்த பிறகு பாஞ்சாலிக்குப் பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் வீடு. இரண்டு பஸ் மாறி வரவேண்டும். இப்போது நாலு மணிக்கே எழுந்து தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பினாள். வீட்டில் கருவாட்டை நிறுத்தினாள், ஞாயிற்றுக்கிழமை மீனையும் நிறுத்தினாள். புருஷன் போன பிறகு அவளும் மகள் கயலும்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி கயல். அரசுத் தேர்வுக்காகத் தினமும் நூலகத்துக்குப் போய் வந்தாள்.

"உன்ன யாராச்சும் நிறுத்தச் சொன்னாங்களா?" என்றாள் கயல்.

"யாரும் சொல்லல."

"பின்ன இன்னாத்துக்கு? நீதான் செய்றன்னு அவங்க உன் பேரக்கூட சொல்ல மாட்டேன்றாங்க. நீ இங்க பட்டினி கெடக்குற."

"பட்டினியா? சாம்பார் வெச்சிக்கீறேன்ல? துன்னு."

பாஞ்சாலிக்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை. பத்தரை மணிக்கு உள்ளே மணி ஒலிக்கும். அந்நேரம் கொல்லைக் குழாயடியில் நிற்பாள். புடவைத் தலைப்பில் ஈரக்கையைத் துடைத்துவிட்டுக் கும்பிடுவாள். தன் கையால் வடித்த சோற்றைப் பெருமாள் சாப்பிடுகிறார். அதைக் கயலிடம் ஒருமுறை சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

முப்பது நாள் இப்படிப் போயிற்று. மறுநாள் பஸ் தாமதமாகத்தான் வந்தது. மாமியோ வாசலில் போனில் மகனோடு பேசிக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி அவசர அவசரமாகப் புளி கரைத்தாள், தக்காளி பிசைந்தாள், மிளகு சீரகம் தட்டிப் போட்டாள். நுரை கட்டியதும் இறக்கினாள். கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். உப்பு சரியாக இருந்தது.

நாக்கில் புளிப்பு இறங்கும்போதுதான் செய்தது புரிந்தது. முப்பது வருடமாகத் தன் வீட்டு அடுப்படியில் தினமும் செய்கிற காரியம். கை தானாகச் செய்துவிட்டது.

யாரும் பார்க்கவில்லை. புதிதாக வைக்க நேரமுமில்லை. மாமி வந்து இடது கையால் ஒவ்வொரு பாத்திரமாகக் கொண்டுபோய் வைத்தாள். சாதம் போயிற்று, பருப்பு போயிற்று, கறியமுது போயிற்று. கடைசியில் சாத்தமுதும் போயிற்று. பத்ரிநாராயணன் பெருமாள் அலமாரி முன் நின்று மணியை எடுத்தார்.

"மாமா! வேணாம், அத்த வெக்காதீங்க!"

சமையலறை வாசற்படியில் நின்று பாஞ்சாலி கத்தினாள். "நான் ருசி பாத்துட்டேன். மறந்து பாத்துட்டேன்."

அவர் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார், அவள் நிற்கிற இடத்தைப் பார்த்தார்.

"நீ எதுக்கு ருசி பார்க்கணும்?"

மாமிதான் பேசினாள். "முப்பது நாளா அவதான் பண்றா. போதுமா? இந்தக் கையை வெச்சுண்டு நான் எப்படிப் பண்ணுவேன்னு ஒரு நாளாவது கேட்டேளா?"

அவர் மணியைக் கீழே வைத்தார். இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் கற்கண்டும் கொண்டுவந்து அதையே பெருமாளுக்குக் காட்டினார். அன்று அவர் சாப்பிடவில்லை. மாமி தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "சாதம் போடு, பாஞ்சாலி," என்றாள். அவர் காதில் விழும்படிதான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் கயலுக்குக் கோபம் தாங்கவில்லை.

"யாருமே பாக்கல. கம்முனு வந்திருக்கலாம்ல?"

"மாமா மட்டும் துன்றதுன்னா வுட்ருப்பேன்டி. சாமி முன்னாடி வெக்கறதாச்சே."

"உன் சாமி முப்பது நாளா துன்னுச்சி. மாட்டேன்னது அந்தாளு. அவருக்காவ நீ ஏன் அழுவுற?"

"அவருக்காவ இல்ல. ருசி பாத்தது ஒரு நாளுதான். ஆனா பொய் சொல்லிக்கினு செஞ்சது முப்பது நாளு. அம்புட்டும் பாவமா பூடுச்சோ இன்னாவோ."

படித்த பெண், பதில் தெரிந்திருக்கும் என்று பாஞ்சாலி காத்திருந்தாள். கயல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் முதல் பத்ரிநாராயணனே அடுப்படியில் நின்றார். வராதே என்று பாஞ்சாலியிடம் யாரும் சொல்லவில்லை. பாத்திரம் தேய்க்க வேண்டியிருந்ததே. பருப்பு அடிப்பிடித்தது, சாதம் குழைந்தது. வலிக்கிற முழங்காலைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அவர் கிளறுவது கொல்லையிலிருந்து தெரியும். கருகிய பாத்திரங்களைக் கொண்டுவந்து வாசற்படியருகே வைப்பார். அவள் எடுத்துச் சுரண்டுவாள். மாமி அந்தப் பருப்பை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

பத்தாம் நாள் அவர் உருளியை வைத்துவிட்டு நிமிரும்போது பாஞ்சாலி எழுந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாமா மாமா?"

"கேளு."

"அடுப்படிய கேக்கல. அந்த முப்பது நாளு நான் செஞ்சத பெருமாளு சாப்ட்டாரா, இல்லியா? பாவம்னா பாவம்னு சொல்லிடுங்க. எங்க ஆத்தா கோயில்ல எதனா செஞ்சி தீத்துக்கிறேன்."

அவர் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டார். தினமும் கூடத்தில் உட்கார்ந்து சொல்கிற அத்தனை பாசுரத்துக்குள்ளும் அவர் எதையோ தேடுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

"சாப்பிட்டார்," என்றார். "அது பாவமில்லை."

"நீங்க சாப்புட மாட்டீங்களா?"

உள்ளே பால் சீறும் சத்தம் கேட்டது. "ஏன்னா, பால்!" என்று மாமி கூடத்திலிருந்து கத்தினாள். அவர் அசையாமல் அங்கேயே நின்றார்.

"போங்க மாமா," என்றாள் பாஞ்சாலி. "பால் போவுது."

அவர் போனார். அவள் தொட்டியடியில் உட்கார்ந்து உருளியைக் கையிலெடுத்துப் பார்த்தாள். அடி நன்றாகப் பிடித்திருந்தது, இப்போதைக்கு வராது. அதில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்துவிட்டு, அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.