செத்த மூக்கு

வேலூர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தம்பி காதரை நானும் வண்டிக்காரரும் கட்டிலோடு கொண்டுவந்து இறக்கினோம். அறையிலிருந்து வெளியே வந்த டாக்டர் வாசலிலேயே நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எத்தனை நாளா இப்படி நாறுது?"

"இன்னா நாத்தம்ங்க?" என்று கேட்டேன்.

குடிகாரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

ஆம்பூர் தோல் ஷாப்பில், ஊறிய தோலைச் சுண்ணாம்புக் குழியிலிருந்து இழுத்துப் போடுவது என் வேலை. ஜெர்மன்காரனோடு வெள்ளைக்காரன் சண்டை தொடங்கியதும் பட்டாளத்து பூட்ஸுக்குத் தோல் போதவில்லை என்று முதுகு ஒடிய வேலை வாங்கினார்கள். என் மூக்கு எப்போது செத்தது என்று எனக்கே தெரியாது. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான்.

காதர் அந்தப் பட்டாளத்தில் சேர்ந்து, துருக்கிக்காரனோடு நடந்த சண்டையில் பாஸ்ராவில் கணுக்காலில் குண்டுச் சில்லு பட்டவன். புண் ஆறுவதற்கு முன்பே கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் நான்தான் வேப்பிலைத் தண்ணீரில் கழுவிக் கட்டுப் போட்டேன். மேலே பொருக்குத் தட்டியது. ஆறுகிறது என்று நம்பினேன். உள்ளே காங்கிரின் (ரத்த ஓட்டம் நின்று சதை அழுகுவது) ஏறிக்கொண்டிருந்தது. கால் கறுத்துக் காய்ச்சல் கொதித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினேன். முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டேன். குளோரோபாரம் (மயக்க மருந்து) கொடுத்து அன்றே எடுத்துவிட்டார்கள்.

இந்தச் சண்டைக்கு நான் விரோதி. எவனோ நாடு பிடிப்பதற்கு எங்கள் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும்? எதிரே நின்ற துருக்கிக்காரனும் எங்களைப் போல ஐந்து வேளை தொழுகிறவன். போகாதே என்று காதரின் சட்டையைப் பிடித்து இழுத்தவன் நான். ஆனால் அதே பேச்சுப் பேசிய தெருக்காரர்கள் ஒருவர்கூட அவனை வந்து பார்க்கவில்லை. துருக்கி சுல்தானை எதிர்த்துப் போனவனுக்கு இது வேண்டும் என்றார்களாம். அவர்களை நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது. சண்டை வேறு, காதர் வேறு. அவன் புண்ணைக் கழுவ எனக்கு யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை.

மூன்றாவது வாரம் அவன் எழுந்து உட்கார்ந்தான். மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். உனக்குமா நாற்றம் தெரியவில்லை?

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "தெரிஞ்சுது அண்ணே. நீ மூஞ்சி சுளிக்காம கழுவினே. பாசத்துல நீ பொறுத்துக்கிறதா நெனச்சேன். சொன்னா உனக்கு அருவருப்பா போய்டும்னு வாயை மூடிக்கினேன்."

பாசம் என்று அவன் நினைத்தது என் செத்த மூக்கை. அதில் ஒரு கால் போயிற்று. வீட்டில் புண்ணோடு யாரையாவது வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் மூக்கை நம்பாதீர்கள். வேறு தெருக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் கழித்து ஊர் திரும்பினோம். ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் குடலைப் பிடுங்குகிற நாற்றம். தண்டவாளத்தின் ஓரமாக வாந்தி எடுத்தேன். காதர் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் நெற்றியைப் பிடித்தான். என் மூக்கு பிழைத்துக்கொண்டது அப்போதுதான் தெரிந்தது. நான் ஷாப்புக்குத் திரும்பவில்லை. சந்தையில் மூட்டை தூக்குகிறேன்.

பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் அதிகாரி ஒருவர் மாலையும் அத்தர் வாசமுமாக வீட்டுக்கு வந்தார். அவர் குத்திவிடும் பதக்கத்தோடு காதர் மேடையில் உட்கார்ந்தால் வாலிபர்களுக்கு ரோஷம் வருமாம். வெளியே போகச் சொல்ல எழுந்தேன். அதற்குள் காதரே பேசினான்.

"வர்றேங்க. ஆனா இந்தக் கால் எப்படி நாறுச்சுன்னு அந்தப் பசங்களுக்குச் சொல்லுவேன். சரியா?"

மாலையைச் சுருட்டிக் கூடையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இல்லாத கணுக்கால் இன்னும் அரிக்கிறது என்கிறான் காதர். அதிகாலைத் தொழுகை முடிந்ததும் தினமும் கட்டைப் பிரித்து, மிச்சமிருக்கும் தொடையருகே குனிந்து முகர்ந்து பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பொழுது விடிகிறது. நாறினால் முகச் சுளிப்பை மறைக்கக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு.

நேற்று நன்றாகவே சுளித்தேன். "வேர்வைதாண்டா" என்று நான் சொல்லும்வரை அவன் மூச்சு விடவில்லை.