முப்பத்தொன்றாம் சாவி

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல. நவம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2:17க்கு ஆரம்பித்து 4:06க்கு முடிந்தது. நடுநிசி இல்லை, நாய் ஊளையிடவில்லை. பட்டப்பகல். பேய் வர இருட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் நூறு மீட்டர் ஆழத்தில் வேலை பார்த்ததில்லை. அங்கே பகல் ஏது, இரவு ஏது?

என் பெயர் கிளெமான்ஸ். ஜூரா மலையடிவாரத்தில், மாடு மேயும் புல்வெளிகளுக்குக் கீழே, ஒரு பெரிய வளையம் ஓடுகிறது. அதற்குள் இரண்டு புரோட்டான் கற்றைகள் எதிரெதிராகப் பாய்ந்து மோதும். மோதினால் என்ன தெரியும் என்பதெல்லாம் பெரிய படிப்பு படித்தவர்கள் பாடு. கற்றை விழாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பாடு. எங்காவது ஒரு காந்தம் முரண்டு பிடித்தால், ஒரு தூசி குறுக்கே வந்தால், இயந்திரம் கற்றையைத் தானாக வெளியே தள்ளிவிடும். மறுபடி ஏற்ற மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் தொலைபேசியில் எங்களுக்கு வசவுதான்.

கீழே இறங்க ஒரே ஒரு சட்டம். ஒரு ஆள், ஒரு சாவி. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் நாற்பது துளை, நாற்பது சாவி. இறங்குகிறவர் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சாவி வெளியே இருந்தால் சிவப்பு விளக்கு. எல்லாச் சாவியும் திரும்பி, நாற்பது விளக்கும் பச்சையானால்தான் கற்றை ஏறும். சின்ன வேலை என்றால் உள்ளே போய்த் தேடக்கூட மாட்டார்கள். பலகை பச்சையா, சுரங்கம் காலி. அவ்வளவுதான். சட்டைப்பையில் இருக்கும் அந்தச் சாவிதான் உங்கள் உயிர்.

என்னோடு பதினொரு வருடம் கீழே இறங்கியவர் அர்மான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வாயில் எப்போதும் ஒரு சோம்பு மிட்டாய். நடக்கும்போது சாவியால் காந்தக் குழாய்களைத் தட்டிக்கொண்டே போவார். டிங்... டிங்... டிங்...

"ஐயோ, அதெல்லாம் கோடிக்கணக்குல போட்டு செஞ்சது. தட்டாதீங்க" என்பேன்.

"தட்டுனாத்தான்மா அதுக்கு நம்ம வந்திருக்கோம்னு தெரியும்" என்பார்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால், செப்டம்பரில், நான் ஒரு தப்புச் செய்தேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

பத்தொன்பதாம் காந்தத்தில் ஒரு உணர்கருவி சரியில்லை. நானும் அவரும் இறங்கினோம். சுரங்கத்துக்குள் விடும் சுழல்கதவு அன்று மக்கர் செய்தது. என் சாவிக்குத் திறந்தது, அவர் சாவிக்கு மாட்டேன் என்றது. மேலிருந்து போன் மேல் போன். "உங்க சாவியை பலகையிலயே போட்டுட்டு வாங்க அர்மான். ஆள் நுழையாத சாவி வெளிய இருந்தா கணக்கு இடிக்கும். ஒண்ணா நுழைஞ்சிடலாம். யார் பாக்கப் போறா?" என்றேன். அவர் தயங்கினார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். ஆள் இரண்டு, சாவி ஒன்று. என் கையில் இருந்தது முப்பத்தொன்றாம் சாவி.

என் வேலை முதலில் முடிந்தது. மேலே வந்தேன். பதினெட்டு வருடப் பழக்கம்... கை தானாகப் போய்ச் சாவியைத் துளையில் போட்டது. பலகை முழுக்கப் பச்சை. நான் காபி குடிக்கப் போய்விட்டேன்.

கீழே சங்கு ஊதியது. விளக்குகள் அணைந்தன. அர்மான் இருட்டில் எண்பது மீட்டர் ஓடி, எல்லாவற்றையும் நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தார். மணி 2:17. கற்றை ஏற இன்னும் பதினொரு விநாடிதான் பாக்கி இருந்தது.

விசாரணையில் அவரே முந்திக்கொண்டார். "நான்தான் சாவி எடுக்காம இந்தப் பொண்ணு பின்னாடி நுழைஞ்சேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று அவருக்குத் தெரியும். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சுரங்கத்தை விட்டால் அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது. ஒருமுறை ஜெக்ஸ் ஊர்ச் சந்தையில், பாலாடைக்கட்டிக் கடை வரிசையில் அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார், சிரிக்கப் போனார். நான் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டேன். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை கற்றை விழுந்தது. காரணம், பத்தொன்பதாம் காந்தத்துக்குப் பக்கத்தில் ஏதோ இடைஞ்சல். மணி 2:17.

புதன்கிழமையும் விழுந்தது. அதே காந்தம். 2:17.

வியாழக்கிழமையும் அப்படியே.

"மத்தியானம் ஆனா உங்க மெஷின் குட்டித் தூக்கம் போடுது போல" என்று சிரித்தான் தாவிதே. இத்தாலிக்காரன், புதிதாக என்னோடு சேர்ந்தவன், பழைய கதை எதுவும் தெரியாதவன். நான் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 2:15... 2:16...

2:17. திரை கறுத்தது.

இறங்கிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். நான் பன்னிரண்டாம் சாவி எடுத்தேன், தாவிதே பதின்மூன்று. முப்பத்தொன்றை நான் அந்த நாளுக்குப் பிறகு தொட்டதில்லை. அது துளையில்தான் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. இதை நான் நன்றாகப் பார்த்தேன்.

3:05க்குக் கீழே இருந்தோம். பத்தொன்பதாம் காந்தத்தை மேலும் கீழும் அளந்தோம். ஹீலியம் கசியவில்லை, வெப்பம் சரி, மின்சாரம் சரி. ஒரு குறையும் இல்லை.

சுரங்கத்தில் சிமெண்டு வாடையும் எண்ணெய் வாடையும்தான் அடிக்கும். அன்று வேறொரு வாடை வந்தது. மெல்லிசாக... சோம்பு.

"ஏதாச்சும் சாப்பிடறியா?" என்று தாவிதேயிடம் கேட்டேன்.

"இங்கயா? எனக்கு வேலை வேணும் தாயே."

அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம்.

டிங்...

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"குழாய் குளிர்ல சுருங்குதுபோல" என்றான். நானும் ஆமாம் என்றேன். குழாய் சுருங்கினால் அப்படிச் சத்தம் வராது. எனக்குத் தெரியும்.

3:31க்கு மேலே வந்தோம். இரண்டு சாவியையும் போட்டோம். பலகை பச்சையாகவில்லை. ஒரே ஒரு சிவப்பு விளக்கு.

முப்பத்தொன்று. துளை காலி.

தாவிதே கணினியைத் தட்டினான். "யாரும் எடுக்கல. நாம ரெண்டு பேரைத் தவிர இன்னிக்கு ஒருத்தரும் எறங்கல" என்றான்.

கட்டுப்பாட்டு அறையில் அன்று பொறுப்பு உர்சுலாவுக்கு. கறாரான பொம்பளை. போனில் அவளுக்குப் பொறுமை இல்லை. "பலகைக் கோளாறுதான் கிளெமான்ஸ். பெட்டகத்துல மாத்துச் சாவி இருக்கு. எடுத்துப் போட்டுட்டு மூடு. நாலு நாளா மானம் போகுது."

தாவிதே மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து நீட்டினான். நான் வாங்கினேன். துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். இதே துளை, இதே எண். போட்டால் பச்சை, பிறகு காபி குடிக்கப் போகலாம்.

"போட மாட்டேன். உள்ள ஆள் இருக்கு" என்றேன்.

"யாரு?" என்று போனில் கத்தினாள் உர்சுலா.

போனை வைத்தேன்.

3:44. அதே சாவிகளை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினோம். தாவிதேயை லிஃப்டுக்கு அருகில் நிற்கச் சொன்னேன். தனியாகப் போகக் கூடாது என்பது சட்டம். என்னோடு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்தாம் காந்தம். என் காலடிச் சத்தம் மட்டும்.

பதின்மூன்று... சோம்பு வாடை.

பதினாறு.

டிங்...

டிங்...

பதினெட்டு.

சத்தம் நின்றது.

பத்தொன்பதாம் காந்தத்தில் முதுகைச் சாய்த்து ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிறக் கோட்டு, தலைக்கவசம். வலது கையை இறுக மூடி மடியில் வைத்திருந்தார். ஓடி வந்தவர் போல மூச்சு வாங்கியது.

தலை நிமிரவில்லை.

"கிளெமான்ஸ்... சாவியப் போட்டுட்டியா?"

அர்மான் குரல்.

"இல்ல அர்மான்... போடல."

"போட்றாதம்மா. நான் இன்னும் வெளிய வரல."

அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிட அழுகைதான் முன்னால் வந்தது. பதினான்கு மாதம் தொண்டையில் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. தப்பு என்னுது, நான்தான் இழுத்தேன், நான்தான் சாவியைப் போட்டேன், சந்தையில் பார்த்தும் திரும்பிக்கொண்டேன், எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக,

"எங்கிட்ட எதுக்கும்மா சொல்ற?" என்றார்.

கோபமே இல்லை அந்தக் குரலில். அலுப்பு மட்டும்தான் இருந்தது.

பின்னால் டார்ச் வெளிச்சம். திரும்பினேன். தாவிதே ஓடி வந்துகொண்டிருந்தான்.

மறுபடி திரும்பினேன்.

காந்தம். தரை. யாரும் இல்லை.

"யார்கிட்ட பேசிட்டிருந்தே?" தாவிதேயின் உதடு வெளுத்திருந்தது.

"உனக்குக் கேட்டுதா?"

"ரெண்டு குரல் கேட்டுது."

மேலே வந்து, எங்கள் சாவி இரண்டையும் போட்டுவிட்டு, பலகைக்குப் பக்கத்துக் கணினியில் பதிவேட்டைத் திறந்தேன். அதில் ஏறினால் அழிக்க முடியாது. வளையத்தில் வேலை செய்யும் எல்லோரும் படிப்பார்கள். நான் எழுதினேன். 'பதினான்கு மாதத்துக்கு முன் நடந்த விபத்தில் தவறு அர்மானுடையது அல்ல. ஒரே சாவியில் அவரை உள்ளே இழுத்தவள் நான். அவர் உள்ளே இருக்கும்போது சாவியைத் திருப்பிப் போட்டவளும் நான். விசாரணையில் வாய் மூடி இருந்தேன்.' கீழே என் முழுப்பெயர்.

பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினேன். 4:06.

டிங்.

பலகை முழுக்கப் பச்சை. முப்பத்தொன்றாம் சாவி அதன் துளையில் இருந்தது. தாவிதே சிலுவை போட்டுக்கொண்டான். நான் சாவியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, நெடுநேரம் ஒருவர் கைக்குள் இருந்த சூடு.

அன்று மாலையே அர்மான் வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் மனைவி ழொசெத் எடுத்தார்.

"செவ்வாக்கிழமை விறகு அடுக்கிட்டிருந்தாரும்மா" என்றார். "ரெண்டேகால் இருக்கும், அப்படியே சாஞ்சுட்டார். அப்புறம் கண்ணே தொறக்கல. மூணு நாளும் வலது கைய மட்டும் மூடியே வெச்சிருந்தார். நர்சுங்க ரெண்டு பேர் சேந்து இழுத்தும் விரல் பிரியல. இன்னிக்கு சாயங்காலம் தானா விரிஞ்சுது. அதோட போயிட்டார்."

"எத்தனை மணிக்கு?"

"டாக்டர் நாலு ஆறுன்னு எழுதிருக்கார்."

"கையில... ஏதாவது இருந்துதா?"

"ஒண்ணுமில்லம்மா. வெறுங்கை."

என்னை வேலையை விட்டு நீக்கினார்கள். நான் எதிர்த்துப் பேசவில்லை. குளிர்காலத்தில் இயந்திரத்தை நிறுத்திவைத்தபோது பத்தொன்பதாம் காந்தத்தைப் பிரித்தே பார்த்தார்களாம். ஒரு கோளாறும் இல்லை என்று தாவிதே சொன்னான். அந்த வெள்ளிக்குப் பிறகு 2:17க்குக் கற்றை விழவும் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

திங்கட்கிழமை அடக்கம். பெட்டியை மூடுவதற்கு முன் ழொசெத் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அர்மானின் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைக் காட்டினார்.

ஒரு சாவியின் அச்சு. பல் பல்லாக, தோலில் ஆழமாகப் பதிந்திருந்தது. சாவியில் பொறித்த எண்ணும் பதிந்திருந்தது, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி. முப்பத்தொன்று.

"எங்க வீட்ல இப்படி ஒரு சாவியே கெடையாதும்மா. இது யாரோடது?" என்று கேட்டார் ழொசெத்.

"என்னோடது" என்றேன்.