பச்சை மெஷினும் நீல மெஷினும்

புல்வெட்டும் மெஷின்களைப் பழுது பார்க்கும் அந்த மெக்கானிக்குக்கு ஊரார் வைத்த பெயர் மோப்பம். எந்த மெஷின் வந்தாலும் முதலில் பெட்ரோல் டேங்கைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்; அப்புறம் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்ப்பார். "சும்மா நின்னுடுச்சுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மனிதருக்கு மூக்கு விடைக்கும்.

"சும்மா எதுவும் நிக்காது. பழைய பெட்ரோலா, இல்ல கல்லு மேல ஏத்தினீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

யார் காதில் வேண்டுமானாலும் பூச்சுற்றலாம், தன் காதில் முடியாது என்று முப்பது வருஷமாக அவருக்கு ஒரு நினைப்பு. அவர் நம்பிய ஒரே சாட்சி பட்டறைச் சுவர். பழுதாகி வரும் ஒவ்வொரு மெஷினுக்கும் அதில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். ஊரில் விற்பது இரண்டே கம்பெனி மெஷின்; ஒன்று பச்சை, ஒன்று நீலம். பச்சைக்கு இருநூறு கோடு தாண்டிவிட்டது. நீலத்துக்குப் பதினொன்றுதான்.

மகள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுக் கணவனோடு தோட்டப் பராமரிப்புத் தொழிலில் இறங்கியபோது, அந்தச் சுவரைக் காட்டித்தான் சொன்னார். "நீலத்தையே வாங்கும்மா. பச்சை பக்கமே போகாதே." அவளும் அதையே வாங்கினாள். ஆஸ்பத்திரி மைதானத்தில் புல்வெட்டும் வேலையும் அமைந்தது.

ஐந்தாவது வாரம் பிளேடு சுற்றவில்லை. சனிக்கிழமைக்குள் வெட்டி முடிக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

மோப்பம் மெஷினைக் கழற்றி, பிளேடைச் சுற்றும் கியரைப் பார்த்துவிட்டு, அதைத் தூக்கிவந்த மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார்; பேசாத ஆளென்றாலே இவருக்கு ஆகாது.

"கல்லுல விட்டீங்களா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா."

"அப்ப கியர் பல்லு அதுவாவே மழுங்கிக்கிச்சா? எங்கிட்டயேவா?"

கூட வந்திருந்த மகள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த கியர் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கடைசியில் மோப்பம் பழைய இரும்புக் கடைக்குப் போனார். பின்பக்கம் நீல மெஷின்கள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. எழுபது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார். கழற்றிப் பார்த்த ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் கியர் மொட்டையாக இருந்தது.

"பச்சை ஒண்ணுகூட இல்லையேப்பா?"

"அது இங்க எதுக்குண்ணே வருது?" என்றார் கடைக்காரர். "பத்து வருஷம் ஓட்டிட்டு, ரிப்பேர் பண்ண உங்ககிட்டல்ல கொண்டுவராங்க. நீலத்துக்கு ஸ்பேர் கிடையாது. போச்சுன்னா நேரா இங்கதான்."

உலகத்தையே சந்தேகப்பட்ட மனிதர் சுவரை மட்டும் சந்தேகப்படவில்லை. பிழைக்கக்கூடியதெல்லாம் அவரிடம் வந்தது. செத்ததற்கு யார் கோடு போட்டார்கள்?

யாரிடமும் பல்லைக் காட்டாதவர், வாடிக்கையாளர் ஒருவரிடம் கெஞ்சிப் பச்சை மெஷின் ஒன்றை இரவல் வாங்கினார். வெள்ளிக்கிழமை காலை மகள் வீட்டு வாசலில் அதை இறக்கினார்.

"தப்பு என் மேலதாம்மா. மாப்பிள்ளைய அநியாயமாப் பேசிட்டேன்."

மகள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "கடையில பச்சையத்தாம்ப்பா அவர் முதல்ல எடுத்தாரு. நீங்க சொன்னதைச் சொன்னேன். 'மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு உடனே திருப்பி வச்சிட்டாரு."

அதற்குள் மாப்பிள்ளை, எண்ணெய் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், மாமா கொண்டுவந்த மெஷினை வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.