பிலோமினாவின் பெயரில் இருந்த பிழை

செவ்வாய்க்கிழமை காலை பினாங்கின் ஜெலுத்தோங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது பிலோமினாவின் தம்பி கூப்பிட்டார். "அக்கா போயிட்டாங்க அண்ணே" என்றார். மீன்காரர் நீட்டிய பையை வாங்காமலேயே நடந்துவிட்டேன்.

பிலோமினாவும் நானும் ஒரே வயதுக்காரர்கள். பல ஆண்டுகள் அடுத்தடுத்த மேசையில் மென்பொருள் எழுதினோம். ஜெலுத்தோங், பாலிக் புலாவ், சிம்பாங் அம்பாட் ஆகிய மூன்று ஊர்களிலும் உள்ள டயாலிசிஸ் மையங்களை இணைக்கும் முன்பதிவு முறையை வடிவமைத்தவர் அவர்தான். மூன்று ஊர்க் கணினிகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். நோயாளி எந்த ஊரில் கேட்டாலும், எங்கே சிகிச்சை நாற்காலி காலியோ அங்கே இடம் கிடைக்கும். ஒவ்வொரு நாற்காலியும் நிரலில் ஓர் ஆப்ஜெக்ட், தனியாக இயங்கும் ஒரு சிறு அலகு. தன் நேரப் பட்டியலை அது தன்னிடமே வைத்திருக்கும். கேட்பவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்லும். "அது வயித்துக்குள்ள கைய விடாத, மணியம். கேளு, பதில் வர்ற வரைக்கும் இரு" என்பார் பிலோமினா.

நிரல் எழுதும் முன்பு எல்லாரையும் கூட்ட அறையில் உட்காரவைப்பார். தாதியர் சிலர் நாற்காலிகளாக நடிப்பார்கள், நாங்கள் சிலர் மையங்களாக. யாரும் வாய் திறக்கக் கூடாது; துண்டுச் சீட்டில் எழுதித்தான் கேட்க வேண்டும். சீட்டைக் கொண்டுபோவது பிலோமினா. வேண்டுமென்றே ஒன்றைத் தாமதமாகக் கொடுப்பார், ஒன்றை இரண்டு முறை கொடுப்பார், ஒன்றைத் தொலைத்தே விடுவார். கணினிகளுக்கிடையே செய்திகளும் இப்படித்தான் போய்ச் சேரும் என்று காட்டத்தான் அது. மூத்த தாதி ஒருவர் பொறுமையிழந்து சீட்டு எங்கே என்று கேட்டால், "பாலத்துல ஜேம் சிஸ்டர், காத்திருங்கலா" என்று பாலத்துப் போக்குவரத்து நெரிசலைச் சாக்காகச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அது சின்னப்பிள்ளை விளையாட்டாகப் பட்டது. பாதியில் எழுந்து போய்விடுவேன்.

போனவன் என்ன செய்தேன் என்பதை இப்போது எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் நாற்காலியைக் கேட்டால் திரை மெதுவாக வருகிறது என்று, நாற்காலிப் பட்டியலின் நகலை மூன்று ஊர்களிலும் வைத்தேன். நகலில் காலி என்றிருந்தால் நாற்காலியைக் கேட்காமலே இடம் கொடுக்கும்படி மாற்றினேன். பிலோமினாவிடம் தனியாகச் சொல்லவில்லை; மற்ற மாற்றங்களோடு சேர்த்து அவர் கையெழுத்துக்கு வைத்துவிட்டேன். சில மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள், இணைப்பு மந்தமாகி நகல்கள் புதுப்பிக்கப்படாமல் இருந்த நேரத்தில், பாலிக் புலாவும் சிம்பாங் அம்பாட்டும் ஜெலுத்தோங்கின் ஒரே நாற்காலியை ஒரே மணிக்கு இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டன. பாலிக் புலாவிலிருந்து பேருந்தில் வந்த பெரியவருக்கு இடமில்லை. காத்திருந்த இடத்திலேயே மூச்சு முட்டி, மருத்துவமனையில் ஒரு வாரம் கிடந்தார். பிழைத்துக்கொண்டார்.

விசாரணைக் கூட்டத்துக்கு முன்பே பிலோமினா என் நிரலைப் படித்துவிட்டார். படிக்கட்டில் என்னை நிறுத்தினார். "நான் சரியா பாக்காம கையெழுத்து போட்டுட்டேன், அது என் தப்பு. உன்னோடத நீதான் சொல்லணும். நான் உன் பேர இழுக்க மாட்டேன்" என்றார். உள்ளே போனோம். வடிவமைப்பு யாருடையது என்று கேட்டார்கள். "என்னுடையது" என்றார் பிலோமினா. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரைக் கையேடு எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவருடைய பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். நான் செய்த முதல் வேலை, அந்த நகல்களை அழித்து, அவர் வரைந்தபடியே நாற்காலிகளைக் கேட்க வைத்தது. அதன்பின் இன்றுவரை அந்தத் தவறு நடக்கவில்லை. மணியம் வந்துதான் சரியாயிற்று என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் அவர் வேலையை விட்டுப் போனார். வடிவமைக்கும் வேலைக்கு அவரை யாரும் மறுபடி கூப்பிடவில்லை. பினாங்கு சின்ன ஊர். பேச்சு முந்திப் போய்விடும்.

போன மாதம் மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். கை குச்சியாக இருந்தது. என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். பிறகு, "சொல்லிட்டியா?" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. இன்னும் இல்லை என்றேன். "சரி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வந்துவிட்டேன்.

அடக்கப் பூசையில் நம் பழைய மேலாளர் பேசினார். திறமைசாலி, ஒரே ஒரு முறை சறுக்கினார், அதையும் நேர்மையாக ஏற்றுக்கொண்டார் என்றார். அங்கே வந்திருந்த பழைய அலுவலக நண்பர்கள் நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் இருந்த நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து என் மனைவியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பிலோமினாவின் வடிவமைப்பில் பிழை இல்லை. இத்தனை ஆண்டுகள் அவர் சுமந்தது என் பிழை. அவரிடமிருந்து நான் திரும்ப எடுத்துக்கொள்வது அந்தப் பிழை ஒன்றைத்தான். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த ஒரு சறுக்கலையும் சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டீர்கள். இனி அதை என்னைப் பற்றிப் பேசும்போது சொல்லுங்கள்.