பதாகையில் ஒட்டிய தலை

தண்டையார்பேட்டைக் குடியிருப்பின் வாசலில், பால் வாங்கித் திரும்பிய ஜெயவேல் தம்மையே எதிர்கொண்டார். ஆளுயரப் பதாகையில், யாரோ ஒரு விமானியின் உடல்மேல் அவருடைய தலை ஒட்டப்பட்டிருந்தது. பின்னணியில் போர்விமானம், கீழே ‘எங்கள் வானத்துச் சிங்கம்’ என்னும் வாசகம்.

அவர் விமானம் ஓட்டியவர் அல்லர். சிறப்பு நடவடிக்கைகளுக்கு விமானிகளைப் பயிற்றுவித்த ஸ்குவாட்ரன் ஒன்றில் தரைப்பணியாளராக இருந்தவர். கைவிடப்பட்ட ஓடுதளம் ஒன்றில், பழைய சரக்கு விமானங்களோடு தொடங்கிய படைப்பிரிவு அது. இருளில் விமானத்தை இறக்கக் கற்பிப்பதே அதன் வேலை. முதலில் தளத்தின் இருபுறமும் மண்ணெண்ணெய் விளக்குகளை வைத்தார்கள். பயிற்சி முற்ற முற்ற அவற்றைக் குறைத்தார்கள். இருளில் காணும் கண்ணாடிகள் வந்தபின் விளக்கே வேண்டாததாயிற்று. அவ்விளக்குகளை ஏற்றியும் அணைத்தும் துடைத்தும் வைத்தவர் ஜெயவேல். ஓய்வுக்குப் பின் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காவலாளியானார்.

ஸ்குவாட்ரனின் பொன்விழாவுக்காக அதன் வரலாற்றை எழுதிவரும் முன்னாள் பயிற்சியாளர் சவரிநாதன், விளக்குக் காலத்தைப் பற்றிக் கேட்க அன்று காலை வருவதாக இருந்தது. ஊரில் விமானி என்று சொல்லித் திரிகிறான் என அவர் நினைத்துவிட்டால்? ஜெயவேலின் கை பதாகையின் முடிச்சுக்குப் போயிற்று.

“இன்னா நைனா, நாங்க கட்னத அவுத்துகினு கீற?” கீழ்வீட்டு இட்லிக் கடை கெங்கம்மா கேட்டாள். ஜெயவேலைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்று வீடுவீடாகச் சொல்லிப் பதாகைக்கு ஏற்பாடு செய்தவள் அவள்தான்.

“நான் பிளேன் ஓட்னவன் இல்ல கெங்கம்மா. வெளக்கு வெச்சவன். வர்றவரு பெரிய ஆபீசரு, பாத்தா சிரிப்பாரு.”

“வெளக்கு வெச்சேன்னு சொல்லிருந்தா அத்தயே போட்டிருப்போம். அவரு சிரிக்கிறது கெடக்கட்டும். எங்கள அவரு பாக்கறதுதான் ஒனக்கு வெக்கம்.”

ஜெயவேல் முடிச்சை அவிழ்த்தார். பதாகையை மடித்து மாடிப்படியின் கீழ்ச் செருகினார்.

சவரிநாதன் வந்தார், ஆர்வத்தோடு கேட்டுக் குறித்துக்கொண்டார். கெங்கம்மாவே தேநீர் கொண்டுவந்தாள்.

“போன வாரம் ராயபுரத்துல, உங்ககூட விளக்கு வெச்சாரே நம்ம மொஹ்சின், அவர் வீட்டுக்குப் போனேன்” என்றார் சவரிநாதன். “தெருக்காரங்க அவரை பைலட் ஆக்கி பேனரே கட்டிட்டாங்க. அதுக்குக் கீழ நின்னு படம் எடுத்துக்கிட்டோம். புஸ்தகத்துல அதான் வரப்போகுது. உங்களுக்கு இங்க ஒண்ணும் கட்டலையா?”

கெங்கம்மா தட்டோடு நின்றிருந்தாள்.

“இல்லைங்க சார்” என்றார் ஜெயவேல்.

அவள் காலிக் குவளைகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

சவரிநாதனை வழியனுப்பிவிட்டு ஜெயவேல் மாடிப்படியின் கீழ்க் குனிந்து பார்த்தார். பதாகை இல்லை. அது இட்லிக் கடைக்குக் கூரையாகியிருந்தது, அச்சிட்ட பக்கம் உள்நோக்கி. உண்பவர் தலைக்குமேல் விமானியின் உடலோடு அவர் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

“இன்னா பாக்குற? மழைக்கு ஆவும்” என்றாள் கெங்கம்மா. “குந்து. சிங்கத்துக்கு எத்தினி இட்லி?”

ஜெயவேல் அமர்ந்தார். தலை நிமிராமலே, “நாலு” என்றார்.